2021-இல் தொடுத்த வழக்குக்கு எந்தச் சாட்சியச் சட்டம் பொருந்தும்?

பொருநைக்கரை எழுதியது:

மூத்தவர்களின் கருத்தை அறிய விரும்பி இதை எழுதுகிறேன். மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் ஒன்றில் 2021-ஆம் ஆண்டு தாக்கலான பணவசூல் வழக்கில் வாதிக்காக ஆஜராகி வருகிறேன். 2024 பிப்ரவரியில் எழுவினாக்கள் (வழக்கில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையப்பட்டன. அதன்பின் வாய்தாமேல் வாய்தாவாகப் போய், வாதியின் நிரூபண வாக்குமூலம் இப்போதுதான் தாக்கலாகியிருக்கிறது. அத்துடன் வாதியின் வங்கிக் கணக்கு அறிக்கையையும், கடனை ஒப்புக்கொண்டு பிரதிவாதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படிகளையும், 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி(4) பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு இணைத்திருந்தேன்.

ஆவணங்களைக் குறியீடு செய்யும் நேரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபணை தெரிவித்தார். பழைய சட்டம் 2024 ஜூலை 1 அன்றே நீக்கப்பட்டுவிட்டது, எனவே அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி, அதன் அட்டவணையிலுள்ள படிவத்தில், நிபுணர் கையொப்பமிட்ட ‘பி’ பகுதியும் சேர்ந்த சான்றிதழ்தான் செல்லும் என்பது அவர் வாதம். நிலுவை வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று புதிய சட்டத்தின் 170(2) பிரிவு சொல்வதை நான் சுட்டிக்காட்டினேன். அதற்கு அவர், அப்பிரிவில் ‘விசாரணை’ என்ற சொல் இருக்கிறது, இவ்வழக்கிலோ அந்தத் தேதியில் சாட்சி விசாரணையே தொடங்கவில்லை என்று பதிலளித்தார். நீதிபதி இரு தரப்பையும் எழுத்து வாதம் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறார். என் நிலைப்பாடு சரிதானா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, உங்கள் நிலைப்பாடு சரி. ஆனால் அது ஏன் சரி என்பதை நீதிபதிக்கு விளக்க வேண்டுமானால், 170(2) இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாட்சியச் சட்டம் நடைமுறைச் சட்ட வகையைச் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட நடைமுறையின்படிதான் தன் வழக்கு நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. சட்டங்களுக்குப் பொருள் கொள்ளும் முறையைச் சொல்லும் பொது விதிகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பழைய சட்டத்தின் கீழ் ஏற்பட்ட உரிமைகளையும் கடப்பாடுகளையும் காப்பாற்றுமே தவிர, ஒன்றை எந்த முறையில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நடைமுறையை எளிதில் காப்பாற்றாது. ஆகவே 170-ஆம் பிரிவு பழைய சட்டத்தை நீக்குவதோடு நின்றிருந்தால், உங்கள் எதிர்த்தரப்பு சொல்வதுதான் சட்டமாகியிருக்கும். 2024 ஜூலை 1 காலையிலிருந்து நாட்டின் எல்லா நிலுவை வழக்குகளும் ஒரேயடியாகப் புதிய சட்டத்துக்கு மாறியிருக்கும்.

நாடாளுமன்றம் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்குச் சற்று முன்பு ஏதேனும் மனு, விசாரணை, விசாரிப்பு, புலனாய்வு, நடவடிக்கை, மேல்முறையீடு ஆகிய ஆறில் ஒன்று நிலுவையில் இருந்தால், புதிய சட்டம் வரவே இல்லை என்பதுபோலக் கருதி, 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அதை நடத்த வேண்டும் என்று 170(2) கட்டளையிடுகிறது. உங்கள் எதிர்த்தரப்பு ‘விசாரணை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘நடவடிக்கை’ என்ற சொல்லை விட்டுவிட்டார். 2021-இல் வழக்குரை கோப்பில் எடுக்கப்பட்ட நாளிலிருந்து அது நிலுவையிலுள்ள நடவடிக்கைதான். சாட்சி கூண்டில் ஏறினாரா இல்லையா என்பது அதை மாற்றாது. ஆறு சொற்களையும் தனித்தனியே எழுதிவைத்ததன் நோக்கமே, வழக்கு எந்தக் கட்டத்தில் நின்றாலும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான்.

இதன் விளைவை நம்மில் பலர் இன்னும் முழுமையாக உணரவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நீக்கப்பட்ட’ சட்டமாக இருந்தும், நம் நீதிமன்றங்களில் நிலுவையிலிருக்கும் வழக்குகளின் வயதைப் பார்த்தால், இன்னும் பல ஆண்டுகள் நாள்தோறும் பயன்பாட்டில் இருக்கும். ஒரே நீதிபதி முற்பகலில் ஒரு சட்டத்தின்படியும் பிற்பகலில் மற்றொன்றின்படியும் ஆட்சேபணைகளை முடிவு செய்ய வேண்டியிருக்கும். எனவே வழக்குக் கட்டைப் பிரித்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது தாக்கல் தேதி. செய்தி எப்போது அனுப்பப்பட்டது, கடன் எப்போது வாங்கப்பட்டது என்பவை இந்தக் கேள்விக்குத் தேவையற்றவை. 2019-இல் அனுப்பிய செய்தியை வைத்து 2025-இல் வழக்குத் தொடுத்தால் அதற்குப் புதிய சட்டமும் அட்டவணைச் சான்றிதழும்தான்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ஐயா சொன்னதை உரிமையியல் வழக்குக்கு ஏற்றுக்கொள்கிறேன். குற்றவியல் பக்கத்தில் இது இவ்வளவு எளிதாக இல்லை.

2024 மே மாதம் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, 2025-இல் இறுதி அறிக்கை தாக்கலாகி, 2026-இல் சாட்சி விசாரணை நடக்கும் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்தது புலனாய்வு மட்டுமே. 170(2) ‘அத்தகைய’ புலனாய்வைப் பழைய சட்டப்படி நடத்தச் சொல்கிறது. விசாரணை என்பது தனிக் கட்டம், அது அன்று நிலுவையில் இல்லை, எனவே விசாரணைக்குப் புதிய சட்டம் என்று அரசுத் தரப்பு வாதிட்டால் என்ன பதில்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 531-ஆம் பிரிவும் ஏறத்தாழ இதே வாசகத்தைக் கொண்டது. அதன் கீழ், 2024 ஜூலை 1-க்குப் பின் தாக்கலாகும் மேல்முறையீடு புதிய சட்டப்படியே வர வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. விசாரணை முழுவதும் பழைய சட்டப்படி நடந்திருந்தாலும் மேல்முறையீடு அந்தத் தேதியில் நிலுவையில் இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. அந்தத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால் நான் சொன்ன வாதத்துக்கு வலு கிடைக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நியாயமான கேள்வி. நடைமுறைச் சட்டத்துக்கு அந்தக் கூறுபடுத்தல் ஓரளவு பொருந்தலாம். ஏனெனில் மேல்முறையீட்டு மனுவை எந்தப் பிரிவின் கீழ்த் தாக்கல் செய்வது என்பது அந்த மனுவோடு முடிந்துவிடுகிற விஷயம். சாட்சியச் சட்டம் அப்படியன்று. புலனாய்வு அதிகாரி எந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துத் தடயம் திரட்டினாரோ, அந்தச் சட்டத்தை வைத்துத்தான் அத்தடயம் ஏற்கத்தக்கதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். மேலும், சாட்சியச் சட்டம் முதன்மையாகச் செயல்படுவது நீதிமன்றத்தின் முன்புதான். புலனாய்வு நிலுவையில் இருந்தால் பழைய சட்டம் என்று சொல்லிவிட்டு, புலனாய்வு முடிந்ததும் அதை விலக்கிவிட்டால், அந்தப் பட்டியலில் ‘புலனாய்வு’ என்ற சொல்லுக்கு வேலையே இருக்காது. சட்டத்தின் ஒரு சொல்லை வெறுமையாக்கும் பொருள்கோளை நீதிமன்றங்கள் தவிர்க்கவே விரும்பும். உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைக்கும்வரை இரு பக்கமும் வாதம் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. என் எடை பழைய சட்டத்தின் பக்கம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு நிலை உண்டு. 2024 மார்ச்சில் குற்றம் நடந்து, ஆகஸ்டில் முதல் தகவல் அறிக்கை பதிவானால், குற்றம் எது, தண்டனை என்ன என்பதற்கு குற்றம் நடந்தபோது இருந்த சட்டப்படியே தண்டிக்க வேண்டும் என்னும் அரசமைப்பின் 20(1) உறுப்பின் காரணமாக இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். ஆனால் ஜூலை 1 அன்று எதுவும் நிலுவையில் இல்லாததால் சாட்சியத்துக்குப் புதிய சட்டம். ஒரே குற்றப்பத்திரிகையில் 1860-ஆம் ஆண்டுச் சட்டமும் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அருகருகே நிற்பதைப் பார்த்து இளையவர்கள் திகைக்க வேண்டாம்.

தரவுத்தடம் எழுதியது:

நான் வழக்கறிஞன் அல்லன். கணினித் தடயவியல் துறையில் பணிபுரிகிறேன். புதிய அட்டவணையைப் பலர் வெறும் படிவ மாற்றமாகப் பார்க்கிறார்கள் என்பதால் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய 65பி(4)-இல் சான்றிதழுக்கு நிர்ணயிக்கப்பட்ட படிவம் கிடையாது. கருவியின் இயக்கம் அல்லது அது சார்ந்த செயல்பாட்டு நிர்வாகம் தொடர்பாகப் பொறுப்பான பதவியில் இருப்பவர் கையொப்பமிட வேண்டும் என்று மட்டுமே இருந்தது. புதிய 63(4)-இல் மூன்று மாற்றங்கள் உள்ளன. கணினி அல்லது தொடர்புக் கருவிக்குப் பொறுப்பானவர் என்று வந்திருப்பதால், தன் கைப்பேசியை வைத்திருக்கும் சாதாரண மனிதர் தனக்கு எந்த ‘பதவி’யும் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அவருடன் ஒரு நிபுணரும் கையொப்பமிட வேண்டும். மின்னணுப் பதிவு ஏற்புக்காக முன்வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் உடன் வர வேண்டும்.

அட்டவணையின் ‘ஏ’ பகுதியைத் தரப்பினரும் ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண், ஐஎம்இஐ போன்ற அடையாள எண்கள், அது தரப்பினருக்குச் சொந்தமானதா, பராமரிக்கப்பட்டதா, நிர்வகிக்கப்பட்டதா, இயக்கப்பட்டதா என்பன கேட்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஹேஷ் மதிப்பும், அதைக் கணக்கிட்ட முறையும் கேட்கப்படுகின்றன. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் குறுகிய எழுத்து-எண் வரிசைதான் ஹேஷ் மதிப்பு. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். படிவத்தில் எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ256, எம்டி5 ஆகியவை பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. எம்டி5 முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பை உருவாக்கலாம் என்பது 2004-லேயே காட்டப்பட்டுவிட்டது. எஸ்எச்ஏ1-க்கு 2017-இல் அதே கதி நேர்ந்தது. படிவம் மூன்றையும் அனுமதித்தாலும் எஸ்எச்ஏ256-ஐயே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் தேவையற்ற தலைவலி வரும்.

ஹேஷ் மதிப்பு எதை மெய்ப்பிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்தப் படக்கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கொடுத்தால், அந்தப் படம் அதற்குப் பிறகு மாறவில்லை என்பது மட்டுமே உறுதியாகும். படத்தில் இருக்கும் செய்தியை உண்மையில் பிரதிவாதிதான் அனுப்பினாரா, இடையில் ஏதேனும் அழிக்கப்பட்டதா என்பதற்கு அதில் விடை இல்லை. என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் திரைப்பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பழைய கைப்பேசியை மாற்றுச் சலுகையில் கடையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியைப் பத்திரப்படுத்துங்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது வழக்கறிஞரின் கடமை என்று நினைக்கிறேன்.

‘பி’ பகுதியில் கையொப்பமிடும் நிபுணர் யார் என்ற கேள்வி எனக்கும் நாள்தோறும் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி அறிவிக்கை செய்யப்பட்ட மின்னணுச் சான்று ஆய்வாளர் நிபுணராவார் என்று 39(2) சொல்கிறது. ஆனால் 63(4)-இல் ‘நிபுணர்’ என்று மட்டுமே இருக்கிறது, 79ஏ ஆய்வாளர்தான் வேண்டும் என்று இல்லை. கடன் வாங்கியவரிடம் ஐம்பதாயிரம் ரூபாய் வசூலிக்க வரும் ஒருவர், அறிவிக்கை செய்யப்பட்ட அரசு ஆய்வகம் ஒன்றைத் தேடி அலைய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கடைசியில் சொன்னதுதான் உண்மையான சிக்கல். 39(1)-இல் நிபுணர் கருத்துக்குரிய துறைகளோடு ‘வேறு எந்தத் துறையும்’ என்று இப்போது சேர்த்திருப்பதால், சிறப்புத் திறன் உள்ள தனியார் கணினி வல்லுநரும் ‘பி’ பகுதியில் கையொப்பமிடலாம் என்றே நான் வாதிட்டு வருகிறேன். ஆனால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் தகுதியை மெய்ப்பிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். புதிய 57-இன் விளக்கங்கள், பல கோப்புகளாகச் சேமிக்கப்பட்ட மின்னணுப் பதிவின் ஒவ்வொரு கோப்பும் முதன்மைச் சான்று, அதாவது அசல், என்கின்றன. முறையான பொறுப்பிலிருந்து வரும் பதிவு, மறுக்கப்படாதவரை முதன்மைச் சான்று என்கின்றன. முதன்மைச் சான்று என்றால் சான்றிதழ் எதற்கு?

சட்டவகுப்பு எழுதியது:

சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் கற்பிக்கிறேன். மேலே எழுப்பப்பட்ட கேள்வி மாணவர்களும் கேட்பதுதான். உச்ச நீதிமன்றத்தில் 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கும், 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கும் வகுத்த கோடு தெளிவாக இருந்தது. அசல் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் வேண்டாம், அதிலிருந்து எடுத்த படிக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதே அந்தக் கோடு. புதிய 57 அந்தக் கோட்டை மங்கலாக்கியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் மின்னணுப் பதிவு என்பதற்காக ஏற்புடைமையை மறுக்கக் கூடாது என்னும் புதிய 61-ஆம் பிரிவு, ‘63-ஆம் பிரிவுக்கு உட்பட்டு’ என்ற சொற்களோடு வருகிறது. 63-ஆம் பிரிவோ ‘இச்சட்டத்தில் எது அடங்கியிருந்தபோதிலும்’ என்று தொடங்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால், கணினியிலிருந்து பெற்ற படிக்கு 57-ஐக் காட்டிச் சான்றிதழைத் தவிர்க்க முடியாது என்பதே என் கருத்து. இங்கிலாந்து இந்தப் பாதையிலிருந்து எப்போதோ விலகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நம் 65பி-க்கு மூலமான 1968-ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அங்கே 1995-இல் நீக்கப்பட்டது. நாம் அதை 2000-இல் கொண்டுவந்து, 2023-இல் இன்னும் இறுக்கியிருக்கிறோம்.

எல்லோரும் மின்னணுச் சான்றையே பேசுவதால் கவனிக்கப்படாமல் போகும் ஒரு மாற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய சட்டத்தைப் பழையதன் மறுஎண்ணிடல் என்று பலர் அலட்சியமாகச் சொல்கிறார்கள். 167 பிரிவுகள் 170 ஆயின, 32 என்பது 26 ஆனது, 114 என்பது 119 ஆனது, அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம். பெரும்பகுதிக்கு அது உண்மையும்கூட. அந்த நினைப்போடு ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் பார்ப்பவர்கள், உடந்தையாளரின் (குற்றத்தில் தானும் பங்கு கொண்டவரின்) சாட்சியம் பற்றிய 133-க்கு எதிரே 138 என்று எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள்.

பழைய 133, உடந்தையாளர் தகுதியுள்ள சாட்சி என்றும், ஆதரவுச் சான்று இல்லாத அவரது சாட்சியத்தின் மேல் அமைந்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு தண்டனைத் தீர்ப்பு சட்டவிரோதமாகாது என்றும் சொன்னது. அதற்கு எதிர்த்திசையில் 114-இன் ‘பி’ எடுத்துக்காட்டு, முக்கியக் கூறுகளில் ஆதரவு இல்லாவிட்டால் உடந்தையாளர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றது. இவ்விரண்டையும் இணைத்து, தண்டிக்கச் சட்டம் தடையில்லை, ஆனால் ஆதரவுச் சான்று தேடுவது விவேகம் என்ற விதியை நீதிமன்றங்கள் வளர்த்தன. 1951 டிசம்பரில் ராமேஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விவேக விதி ஏறத்தாழச் சட்டமாகவே இறுகிவிட்டது என்றது.

புதிய 138 என்ன சொல்கிறது? ஆதரவுச் சான்று பெற்ற உடந்தையாளரின் சாட்சியத்தின் மேல் அமைந்தால் தண்டனைத் தீர்ப்பு சட்டவிரோதமாகாது. ‘இல்லாத’ என்பது போய்விட்டது, ‘மட்டும்’ என்பதும் போய்விட்டது. ஆதரவுச் சான்றோடு வந்த சாட்சியத்தின் மேல் தண்டிப்பது சட்டவிரோதம் என்று இதுவரை யாரும் வாதிட்டதில்லை. அப்படியிருக்க, சட்டம் அதைச் சொல்ல வேண்டிய தேவை என்ன? ஆதரவு இல்லாமல் தண்டித்தால் அது சட்டவிரோதம் என்பது உட்பொருளாகக் கிடைத்தாலொழிய இந்தப் பிரிவுக்குப் பொருளே இல்லை. அப்படி வாசித்தால், நூற்றைம்பது ஆண்டுகளாக விவேக விதியாக இருந்தது இப்போது சட்டவிதி. அரசுத் தரப்பு சாட்சியாக மாறிய குற்றவாளியின் மேல் நிற்கும் ஊழல் வழக்கிலும் சதி வழக்கிலும் இது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கிடைத்த பெரிய பாதுகாப்பு. இவ்வளவு பெரிய கொள்கை மாற்றத்தைத் தனியே அறிவிக்காமல் ஆங்கில வாசகத்தில் ஒரு முன்னொட்டை எடுத்துச் செய்ய நாடாளுமன்றம் நினைத்திருக்காது என்று மறுதரப்பு வாதிடும். சட்டத்தை அதன் சொற்களிலிருந்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் நான் முதல் வாசிப்பின் பக்கமே நிற்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்புதல் வாக்குமூலத்தைக் கெடுக்கும் காரணங்களில் தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதியோடு இப்போது 22-இல் வற்புறுத்தலும் சேர்ந்திருக்கிறது. தலைமறைவான எதிரி இல்லாமல் மற்றவர்கள் மேல் நடக்கும் விசாரணையும் 24-இன் நோக்கத்துக்குக் கூட்டு விசாரணையாகக் கருதப்படும். அமைச்சர்களுக்கும் குடியரசுத் தலைவருக்கும் இடையிலான சிறப்புரிமை பெற்ற தொடர்பை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற வரம்புரை (பிரிவோடு ஒட்டி விதிவிலக்குச் சொல்லும் தொடர்) 165-இல் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஏற்கப்படும் ஆவணங்கள், தந்திச் செய்திகள், ஜூரிகள் கேட்கும் கேள்விகள் ஆகியவை பற்றிய பிரிவுகள் போய்விட்டன. அவற்றுக்காக யாரும் வருந்தப் போவதில்லை.

வடமராட்சி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய 1895-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த உங்கள் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியே ஆக்கப்பட்டது. 27, 32, 114, 133 என்ற பிரிவு இலக்கங்கள்கூட அப்படியே இருக்கின்றன, இன்றும் நடைமுறையில் உள்ளன. கணினிச் சான்றுக்கு மட்டும் 1995-இலும் 2006-இலும் தனிச் சட்டங்கள் வந்தன. இதனால் இந்தியத் தீர்ப்புகளை எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டுவது வழமை. சட்டவகுப்பு அம்மா சொன்ன 138-ஐ வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. உடந்தையாளர் பற்றி இனி வரப்போகும் இந்தியத் தீர்ப்பு ஒன்றை எங்கள் 133-க்கு ஆதாரமாகக் காட்ட முன், அந்த வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று நாங்களும் பார்க்க வேண்டும். 2028-இல் வெளிவரும் இந்தியத் தீர்ப்பு பழைய சட்டத்தின் கீழானதாக இருந்தால் எங்களுக்குப் பொருந்தும், புதியதன் கீழானதாக இருந்தால் பொருந்தாது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

வடமராட்சி நண்பர் 27-ஐக் குறிப்பிட்டதால் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் பழைய 25, 26, 27 மூன்றும் இப்போது 23 என்ற ஒரே பிரிவுக்குள் போய்விட்டன. காவல் அதிகாரியிடம் செய்யும் ஒப்புதல் செல்லாது என்பது உட்பிரிவு 1. காவலில் இருக்கும்போது செய்யும் ஒப்புதல், நீதித்துறை நடுவர் உடனிருந்தாலொழியச் செல்லாது என்பது உட்பிரிவு 2. பொருள் கண்டெடுப்புக்கு வழிவகுத்த பகுதியை மெய்ப்பிக்கலாம் என்ற பழைய 27 இப்போது உட்பிரிவு 2-ஐ அடுத்து வரம்புரையாக நிற்கிறது. வரம்புரை தான் ஒட்டியிருக்கும் பகுதியை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது பொது விதி. அப்படியானால் உட்பிரிவு 1-இன் தடை அப்படியே நிற்கிறது என்று ஓர் அமர்வு நீதிமன்றத்தில் வாதிட்டேன். நீதிபதி ஆர்வமாகக் கேட்டார், ஏற்கவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஏற்காதது சரியே. காவலில் இருக்கும் எதிரி கொடுக்கும் தகவல் நடைமுறையில் எப்போதும் காவல் அதிகாரியிடம்தான் கொடுக்கப்படுகிறது. வரம்புரை உட்பிரிவு 1-இன் தடையை விலக்காது என்றால், அது செயல்பட இடமே இருக்காது. பழைய 27-ஆம் பிரிவும் தனிப் பிரிவாக இருந்தபோதே ‘ஆயினும்’ என்ற வரம்புரைச் சொற்களோடுதான் தொடங்கியது, அதை முந்தைய தடைகளுக்கு விலக்காகவே நீதிமன்றங்கள் வாசித்தன. உங்கள் கட்சிக்காரருக்கு உண்மையில் உதவக்கூடியது 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதுதான். கண்டறியப்பட்ட பொருண்மை என்பது பொருள் கிடைத்த இடத்தையும் அது பற்றிய எதிரியின் அறிவையும் குறிக்குமே தவிர, அந்தப் பொருளால் அவர் முன்பு என்ன செய்தார் என்ற கதையைக் குறிக்காது. மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது காவல்துறை எழுதும் பதிவில்) ‘இந்த அரிவாளால்தான் வெட்டினேன்’ என்று எழுதியிருக்கும் வரி, புதிய எண்ணின் கீழும் சான்றில் சேராது.

மாற வேண்டியிருந்தும் மாறாத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவல் அதிகாரி விளைவித்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று 114பி என்ற பிரிவைச் சேர்க்குமாறு சட்ட ஆணையம் 1985-இல் தன் 113-ஆம் அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. சட்டத்தை முழுவதுமாகத் திறந்து எழுதிய 2023-இலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் நடந்த காவல் மரணங்களைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பிரிவின் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எழுத்து வாதத்தைத் தாக்கல் செய்துவிட்டேன். ‘நடவடிக்கை’ என்ற சொல்லை ஒட்டி ஐயா சொன்ன வாதத்தை நீதிபதி ஏற்று, பழைய சட்டமே பொருந்தும் என்று பதிவு செய்திருக்கிறார். எதிர்த்தரப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய சட்டமே என்றாலும் 65பி சான்றிதழை வழக்குரையோடு 2021-லேயே தாக்கல் செய்திருக்க வேண்டும் என்றும், வங்கி அறிக்கைக்கு வாதி கொடுத்த சான்றிதழ் செல்லாது, ஏனெனில் வங்கியின் கணினிக்கு வாதி பொறுப்பாளர் அல்லர் என்றும் சொல்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் ஆட்சேபணைக்குக் கோட்கர் தீர்ப்பே விடை. விசாரணை முடியாதவரை எந்தக் கட்டத்திலும் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபணை நியாயமானது, அதை எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வங்கி ஏடுகளுக்கு 1891-ஆம் ஆண்டு வங்கியர் ஏடுகள் சாட்சியச் சட்டம் இருக்கிறது. 2024-இல் அது நீக்கப்படவில்லை. அதன் 2ஏ பிரிவின்படி, தலைமைக் கணக்கர் அல்லது கிளை மேலாளர் அந்த அச்சுப்படிக்குச் சான்று தர வேண்டும், கணினி அமைப்புக்குப் பொறுப்பானவர் அதன் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் அது முறையாக இயங்கியதையும் விவரித்துச் சான்று தர வேண்டும். உங்கள் கட்சிக்காரர் தன் கிளையில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் சில நாள்களில் கிடைத்துவிடும். வங்கி மறுத்தால், வேண்டிய சான்றிதழைத் தர உத்தரவிடுமாறு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், அதையும் கோட்கர் தீர்ப்பு அனுமதிக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தைக் குறிப்பிடும் வேறு சட்டங்கள் எவையேனும் உங்கள் வழக்கில் வந்தால், பொது விதிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி அக்குறிப்புகளைப் புதிய சட்டத்தின் நேரொத்த பிரிவாக வாசிக்க வேண்டிய நிலை வரும். உங்கள் நிலுவை வழக்குக்கு இப்போது அந்தக் கவலை இல்லை.

வாட்ஸ்அப் செய்திக்குச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். வாதியிடம் அந்தக் கைப்பேசி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

இருக்கிறது ஐயா, அதே கைப்பேசியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார். செய்திகள் அழிக்கப்படவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்படியானால் அடுத்த வாய்தாவில் வாதி கூண்டில் ஏறும்போது கைப்பேசியைக் கையோடு கொண்டுவரச் செய்து, அதை நீதிமன்றத்தில் திறந்து காட்டி, அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பதிவு செய்யுமாறு நீதிபதியைக் கேளுங்கள். தரவுத்தடம் சொன்னதுபோல, அந்த எண் பிரதிவாதியுடையதுதான் என்பதற்குத் தனியே சான்று வேண்டும். பிரதிவாதியின் எழுத்துரையில் அவருடைய கைப்பேசி எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் குறுக்கு விசாரணையில் பாதி வேலை குறையும்.